மிதவைப் படகும் பாவித்த வண்டியும்

மாட்டு வண்டியிலே நெல் மூடை ஏற்றுபவரை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். மூடைகளை அவர் கண்டபடி அடுக்கமாட்டார். சிலவற்றை அச்சுக்கு முன்னே வைப்பார். சிலவற்றைப் பின்னே வைப்பார். இடையிலே கீழிறங்கி வந்து ஏர்க்காலைக் கையாலே தூக்கிப் பார்ப்பார். ஏர்க்கால் மிகவும் கனத்தால் மாட்டின் கழுத்து நோகும்; அது முன்பாரம். ஏர்க்கால் மேலே கிளம்பினால் நுகம் எழுந்து கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும், அது பின்பாரம். இரண்டும் ஆகா. ஆனாலும் அநுபவமுள்ள வண்டிக்காரர் சரிசமமாகவும் நிறுத்துவதில்லை. சிறிதளவு முன்பாரத்தை வேண்டுமென்றே வைத்துத்தான் வண்டியைக் கட்டுவார்.

அந்தச் சிறிதளவு முன்பாரத்தின் அருமையை நான் உணர்ந்தது நம் நாட்டு வயலோரத்திலன்று. அமெரிக்காவின் வடக்கே, மின்னசோட்டா மாநிலத்து ஏரிக்கரை ஒன்றிலேயாகும். 2011 ஆம் ஆண்டின் கோடை காலத்தை நான் அங்கே கழித்தேன். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் இளைப்பாறிய தச்சர். பாவித்த மிதவைப் படகு ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அதனை ஏற்றிச் செல்வதற்குப் பாவித்த இழுவை வண்டி ஒன்றையும் வாங்கினார். வேறொரு வகைப் படகுக்காகச் செய்யப்பட்ட அந்த வண்டியை இந்தப் படகுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கும் வேலையிலே நானும் கைகொடுத்தேன். அவ்வேலையிலே நாங்கள் செய்தவற்றையும், செய்யத் தவறிய ஒன்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் மிதவைப் படகு என்பது யாது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் இதனைப் பொன்டூன் படகு என்பர். நமது கடல்நீரேரிகளிலே மக்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவையைப் 'பாதை' என்று நம்மவர் வழங்குவதுண்டு. அதனைக் கண்டவர்களுக்கு இப்படகின் அமைப்பு எளிதில் விளங்கும். இரண்டு நீண்ட அலுமினிய உருளைகள் நீரிலே மிதக்கும். அவற்றின் மேலே தட்டையான தளம், தளத்தைச் சுற்றி வேலி, உள்ளே இருக்கைகள், மேலே வெயிலுக்கு ஒரு துணிக் கூரை. பின்புறத்திலே வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். விரைந்து செல்வது இதன் நோக்கமன்று. பிள்ளை குட்டிகளோடு அமர்ந்து, ஆடாமல் அசையாமல் ஏரியைச் சுற்றி வருவதற்கென்றே அமைந்த படகு இது.

இப்படகு பிறந்ததும் மின்னசோட்டாவிலேதான். ரிச்மண்ட் என்னும் ஊரைச் சேர்ந்த அம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி, 1952 ஆம் ஆண்டளவில், இரும்புப் பீப்பாய்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து இரண்டு வரிசையாக்கி, அவற்றின் மேல் மரத்தளம் ஒன்றைப் பொருத்தி ஏரியிலே விட்டார். சாதாரணப் படகினும் இது தளம்பாமல் நிற்கும் என்பது அவர் எண்ணம். எண்ணம் பலித்தது, அதுவே பின்னர் ஒரு பெரிய கைத்தொழிலாகவும் வளர்ந்தது.

பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று மின்னசோட்டா தன்னைச் சொல்லிக்கொள்ளும். 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை எண்ணினால் உண்மையில் 11,842 ஆகும். ஆனால் அங்கே மாரி காலம் கடியது. ஏரிகள் யாவும் உறைந்து, மனிதர் மட்டுமன்றி வாகனங்களும் மேலே செல்லத்தக்க பனிக்கட்டித் தரையாகிவிடும். நீரிலே விட்ட படகைப் பனிக்கட்டி நெரித்துவிடும். ஆகவே இலையுதிர் காலத்திலே படகைக் கரையேற்றி வீட்டுக்குக் கொண்டுசெல்லவேண்டும். வசந்தம் வந்ததும் மீண்டும் ஏரியிலே இறக்கவேண்டும். ஆண்டுக்கு இருமுறை செய்யும் இப்பயணத்துக்காகப் புதிய வண்டி ஒன்றை வாங்கப் பலர் மனங்கொள்வதில்லை. பாவித்த வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கித் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணுவர். அந்த எண்ணத்திலே பிழை இல்லை. ஆனால் என்ன திருத்தவேண்டும் என்பதை அறிந்து செய்யவேண்டும்.

எங்கள் வண்டி, அடிப்புறம் கூராக அமைந்த ஒரு மீன்பிடிப் படகைச் சுமந்து வந்தது. அத்தகைய படகின் அடிமரம் வண்டியின் நடுவிலே வரிசையாக உள்ள இறப்பர் உருளைகள்மீது தங்கும். மிதவைப் படகுக்கோ நடுவிலே ஒன்றுமில்லை. இரு பக்கத்திலும் உருளைகள். இடையிலே வெறும் வெளி. உருளைகளின் அலுமினியத் தகடு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பானது. அதனை ஓரிரு இடங்களில் மட்டும் தாங்கினால் தெருவின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தகடு நெளியும். காலப்போக்கில் ஒட்டு வெடித்து நீர் புகும். ஆகவே நடுவிலிருந்த இறப்பர் உருளைகள் யாவற்றையும் முதலிற் கழற்றி எறிந்தோம்.

கழற்றுமுன் செய்த வேலை ஒன்றுண்டு. பாவித்த வண்டியை மாற்றுவதற்கு முன், அது மாற்றத் தகுந்ததா என்று சோதிக்கவேண்டும். வண்டியின் சட்டத்திலே ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும். வண்டியும் சுமையும் சேர்ந்து எத்தனை இறாத்தல் வரை போகலாம் என்பது அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். வேறு எந்தத் திருத்தம் செய்தாலும் அந்த எண்ணை நாம் கூட்ட முடியாது. அடுத்து, சட்டத்தைச் சுத்தியலாலே தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். பின்னர் டயர்களைப் பார்த்தோம். ஆண்டுக்கு இருமுறை மட்டும் ஓடும் டயர் தேய்வதில்லை. தேயாமலே முதுமை அடைந்துவிடும். டயரின் பக்கத்திலே பொறித்த எழுத்துக்களின் இறுதி நான்கு எண்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2304 என்றிருந்தால் 2004 ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். எங்கள் டயர்கள் பார்வைக்குப் புதியனபோல் இருந்தன. ஆனால் ஏழு ஆண்டு வெயிலையும் உறைபனியையும் கண்டவை. மடிப்புகளிலே நுண்ணிய வெடிப்புகள் இருந்தன. அவற்றை மாற்றினோம்.

வாகனத்தின் பின்னுள்ள இரும்புக் குண்டையும், அதன்மேல் வந்து கவியும் கொளுவியையும் அளந்து பார்த்தோம். குண்டுகள் பல அளவின. 2 அங்குலக் குண்டுக்கு உரிய கொளுவியை அதனிலும் சற்றுச் சிறிய குண்டின்மேல் மாட்டினாலும் அது பூட்டிக்கொண்டதுபோலவே தோன்றும். பள்ளத்திலே வண்டி துள்ளும்போதுதான் உண்மை வெளிப்படும். அதற்காகவே பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டைக் குறுக்காக மாட்டுவது வழக்கம். கொளுவி கழன்றாலும் ஏர்க்கால் தெருவிலே குத்தாமல் அச்சங்கிலிகள் தொட்டில்போலத் தாங்கும்.

இனி, தாங்கு பலகைகளைப் பற்றிச் சொல்வேன். ஒவ்வோர் உருளைக்கும் கீழே இரண்டு பலகைகள், வண்டியின் நீளப் போக்கில், உருளையின் அடிப்பகுதி இடையிலே அமரும்படி வைக்கப்பட்டன. பலகைகள் படகின் பின்னெல்லை வரை செல்லவேண்டும். ஏனெனில் இயந்திரத்தின் கனம் அங்கேதான் நிற்கின்றது. பழைய சட்டம் ஒடுக்கமாக இருந்தபடியால், அதன் குறுக்கே இரும்புச் சட்டங்கள் சிலவற்றை வைத்து, இருபுறமும் வெளியே நீளவிட்டு, அவற்றின்மேல் பலகைகளை நிறுத்தினோம். உருளைகள் சில்லுகளுக்கு நேர் மேலே வந்தன. ஆகவே வண்டியின் வில்லுகள் முற்றாக அமுங்கினாலும் டயர் உருளையிலே தொடாதவாறு இடைவெளி விட்டோம். அதற்கு மேலே ஓர் அங்குலந்தானும் உயர்த்தவில்லை. படகு உயர உயர வண்டி கவிழும் அபாயமும் உயரும். வேலியும் கூரையும் உடைய இந்தப் படகு, பக்கக் காற்றுக்குப் பாய் விரித்தாற்போன்றது.

பலகை என்றதும் எங்கள் தச்சர் உழுத்துப் போகாத மரத்தையே தேடினார். கடையிலே பச்சை நிறமாகப் பதப்படுத்திய மரம் மலிவாகக் கிடைத்தது. அதனை வேண்டாம் என்று தடுத்தவன் நான். முன்னர் மரத்தைப் பதப்படுத்த ஆர்சனிக் நஞ்சு கலந்த மருந்தைப் பாவித்தனர். 2003 ஆம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்கான மரங்களிலே அது நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வந்த மருந்துகளிலே செம்பு அதிகம். ஈரத்திலே செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியமே அரிக்கப்படும். மரத்தைக் காக்கப் போய்ப் படகை இழக்கலாமா? பதப்படுத்தாத சீடார் மரத்தையே வாங்கினோம். பத்து ஆண்டிலே பலகை உழுத்தால் வேறு பலகை போடலாம். பலகையை இறுக்கும் போல்ட்களின் தலைகள் மரத்தினுள்ளே நன்றாகப் புதையும்படி துளைத்து, மேலே கம்பளத்தால் மூடினோம்.

குறுக்குச் சட்டங்களை ஒட்டவைப்பதா, போல்ட் போட்டு இறுக்குவதா என்ற கேள்வியும் எழுந்தது. வண்டிச் சட்டம் துத்தநாகம் பூசியது. அதன்மேல் ஒட்டுவேலை செய்தால் துத்தநாகம் எரிந்து எழும் புகை, அதனைச் சுவாசிப்பவருக்குக் குளிர்காய்ச்சல்போல் நோய் கொடுக்கும். பூச்சு எரிந்த இடத்திலே துருவும் தொடங்கும். அன்றியும், ஒட்டியதை நகர்த்த முடியாது. எனவே சட்டத்தைச் சுற்றி அணைக்கும் வளைந்த போல்ட்களாலேயே யாவற்றையும் இறுக்கினோம். அது எவ்வளவு நல்ல முடிவு என்பது பின்னரே தெரிந்தது.

தடைகளை, அதாவது பிரேக்குகளை, நாங்கள் மறக்கவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களிலே 3,000 இறாத்தலை எட்டும் இழுவை வண்டிக்குத் தனியே பிரேக் இருக்கவேண்டும் என்பது சட்டம். படகு வண்டி நீரிலே இறங்குவது. ஆகவே மின்சாரப் பிரேக் அதற்கு அவ்வளவு உகந்ததன்று. வேறொரு சாமர்த்தியமான முறை உண்டு. முன்னே செல்லும் வாகனம் வேகத்தைக் குறைக்கும்போது பின்னே வரும் வண்டி அதனைத் தள்ளும் அன்றோ? அந்தத் தள்ளுதலே கொளுவியினுள் உள்ள எண்ணெய்க் குழாயை அமுக்கி, வண்டியின் சில்லுகளிலே பிரேக்கைப் பிடிக்கச் செய்யும். தள்ளுதல் எவ்வளவோ, பிடிப்பும் அவ்வளவு. அத்தகைய கொளுவியையும் பிரேக்குகளையும் பொருத்தினோம்.

எல்லாம் முடிந்ததும், ஊரிலிருந்த தானியக் களஞ்சியத்தின் எடைமேடையிலே வண்டியை நிறுத்தினோம். படகு 2,200 இறாத்தல், வண்டி 800 இறாத்தல், மொத்தம் 3,000. தகட்டிலே பொறித்த எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. தச்சர் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். மொத்த நிறையை அறிந்துகொண்டோம். அந்த நிறை வண்டியில் எந்த இடத்திலே நிற்கின்றது என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

அன்று மாலை ஏரியை நோக்கிப் புறப்பட்டோம். தச்சர் ஓட்டினார், அவர் அருகிலே நான். பின்னிருக்கையிலே அவருடைய பேத்தி. மணிக்கு 30 மைல் வேகத்திலே வண்டி சாதுவாக வந்தது. பெருந்தெருவில் ஏறி 45 மைலைத் தொட்டோம். எதிரே பெரிய லொறி ஒன்று கடந்து சென்றது. அதன் காற்று படகிலே மோதியது. பின்னே யாரோ எங்கள் வாகனத்தைப் பிடித்து அசைப்பதுபோல் இருந்தது. கண்ணாடியிலே பார்த்தேன். படகு இடப்பக்கம் சென்றது, வலப்பக்கம் வந்தது, மீண்டும் இடப்பக்கம் சென்றபோது எதிர்த் தெருவின் கோட்டைத் தாண்டியது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதிலும் பெரிதாக இருந்தது.

தச்சர் பிரேக்கை மிதிக்கவில்லை. அதுவே எங்களைக் காத்தது. அந்த நிலையிலே பிரேக்கை இறுக்கி மிதித்தால் பின்வண்டி முன்வாகனத்தை மடக்கிவிடும். அவர் சுக்கானை நேராகப் பிடித்தபடி, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தார். வேகம் தானாகக் குறைந்தது. வீச்சும் மெல்ல மெல்ல அடங்கியது. தெருவோரத்திலே நிறுத்தினோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னிருக்கைச் சிறுமி மட்டும், ஏன் நின்றோம் என்று கேட்டாள்.

நடந்தது என்ன? வண்டியின் கனம் அச்சுக்குச் சற்று முன்னே நிற்குமானால், பக்கவாட்டாக ஓர் அசைவு எழுந்தாலும் அது விரைவிலே அடங்கும். கனம் அச்சின் மேலோ பின்னோ நின்றால், அந்தப் பின்கனம் அசைவை மேலும் வீசும். குறைந்த வேகத்திலே டயர்கள் அதனை மீட்டுவிடும். ஒரு குறித்த வேகத்தைத் தாண்டினாலோ மீட்க முடியாது. மாட்டு வண்டிக்குப் பின்பாரம் மாட்டின் கழுத்தை இறுக்குவதோடு நிற்கும். மோட்டார் வாகனத்தின் வேகத்திலே அது உயிரையே கேட்கும். ஏர்க்காலைத் தூக்கிப் பார்க்கும் அந்த எளிய சோதனையை, எடைமேடை வரை சென்ற நாங்கள் செய்யவில்லை.

மிக மெதுவாக வீடு திரும்பி, மறுநாள் அதனைச் செய்தோம். உடல் நிறை பார்க்கும் சிறு தராசு ஒன்று வீட்டிலே இருந்தது. அதன்மேல் ஏர்க்காலை நேரே வைத்தால் தராசு தாங்காது போகலாம். ஆகவே பலகை ஒன்றின் ஒரு முனையைத் தராசின் மேலும், மறு முனையைச் செங்கல்லின் மேலும் வைத்தோம். இரண்டுக்கும் இடையே 3 அடி. செங்கல்லிலிருந்து ஓரடி தூரத்திலே கொளுவியை இறக்கினோம். அவ்வாறு வைத்தால் தராசு உண்மைப் பாரத்தின் மூன்றில் ஒரு பங்கையே காட்டும். தராசு காட்டியது 25. அதாவது ஏர்க்காலின் பாரம் 75 இறாத்தல். 3,000 இறாத்தல் வண்டிக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 300 இறாத்தலளவு, முன்பாரம் இருப்பது நன்று. எங்களிடம் அதன் காற்பங்கே இருந்தது. அதற்கு மிக அதிகமாகப் போனாலும் கேடுதான்; முன்வாகனத்தின் பின்புறம் அமுங்கி, முன்சில்லுகள் நிலத்தை விட்டு இலேசாகி, சுக்கான் கட்டுப்படாது.

படகை முன்னே நகர்த்தலாமே என்று நீங்கள் எண்ணலாம். மிதவைப் படகின் முகப்பு சதுரமானது. முன்னே நகர்த்தினால் வளைவுகளிலே அதன் மூலை வாகனத்தின் பின்புறத்தை இடிக்கும். எனவே அச்சையே பின்னே நகர்த்துவதெனத் தீர்மானித்தோம். கணக்கு எளிது. கொளுவியிலிருந்து அச்சு 16 அடி தூரத்திலே இருந்தது. 3,000 இறாத்தலிலே 75 இறாத்தல் முன்னே நிற்கின்றதெனில், கனத்தின் நடு, அச்சுக்கு ஐந்து அங்குலமளவே முன்னே உள்ளது. அச்சையும் வில்லுகளையும் 15 அங்குலம் பின்னே தள்ளினால், அவை தம்மோடு கொண்டுபோகும் கனத்தைக் கழித்தும், முன்பாரம் 270 இறாத்தலை எட்டவேண்டும். போல்ட்களைத் தளர்த்தி, அச்சை நகர்த்தி, கொளுவியிலிருந்து இரு சில்லுகளுக்கும் உள்ள தூரம் மயிரிழையும் பிசகாமல் சமமாயுள்ளதா என்று நாடாவால் அளந்து, மீண்டும் இறுக்கினோம். ஒட்டவைத்திருந்தால் இதனைச் செய்திருக்க முடியாது. தராசு 90 என்று காட்டியது. 270 இறாத்தல்.

மறுபடி தெருவுக்குச் சென்றபோது சிறுமியை வீட்டிலே விட்டுச் சென்றோம். துணிக் கூரையையும் கழற்றி மடித்து வைத்தோம். 30 மைல், 40 மைல், 50 மைல் எனச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். லொறிகள் கடந்தன. படகு பின்னே நேராக வந்தது.

ஏரிக்கரையை அடைந்ததும் உடனே நீரில் இறக்கவில்லை. ஓடி வந்த சில்லின் நடுப்பகுதி சூடாக இருக்கும். குளிர்ந்த நீரிலே அதனைச் சட்டென்று அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி நீரை உறிஞ்சும். நீர் கலந்த கிறீஸ் தன் வேலையைச் செய்யாது. பேரிங் துருப்பிடித்து ஒருநாள் நடுத்தெருவிலே சில்லு இறுகி நிற்கும். அரைமணி நேரம் ஆறவிட்டு, வண்டி விளக்குகளின் மின் கம்பியைக் கழற்றிவிட்டு, மெல்ல இறக்கினோம். கரையேறும்போது வண்டியிலும் படகிலும் ஒட்டிய பாசியையும் செடிகளையும் நீக்கி, நீர் அடைப்புகளைத் திறந்து வடியவிடவேண்டும் என்பது அங்கே சட்டம். வரிக்குதிரைச் சிப்பி என்னும் அந்நிய உயிர் ஏரிவிட்டு ஏரி தாவுவது பெரும்பாலும் இத்தகைய வண்டிகளின் உதவியாலேயே.

நேயர்களே, பாவித்த பொருளை வாங்குவதிலே தாழ்வு ஒன்றும் இல்லை. பழைய இரும்பும், பழைய சில்லும், கைத்திறனும் சேர்ந்து நல்ல வண்டியாகலாம். ஆனால் அந்த வண்டி வேறொரு சுமைக்காகக் கணக்கிடப்பட்டது. அதன் இரும்பு நமக்கு வரும். அதன் கணக்கு நமக்கு வராது. படகு மாறினால் பலகை மாறவேண்டும். பலகை மாறினால் கனம் நிற்கும் இடம் மாறும். அந்த இடம் மாறினால் அச்சும் மாறவேண்டியிருக்கலாம். இது படகு வண்டிக்கு மட்டும் உரியதன்று. உழவு இயந்திரத்தின் பெட்டியிலே வைக்கோல் ஏற்றுபவருக்கும், மீன்பிடி வள்ளத்தை வண்டியிலே ஏற்றிக் கரைவிட்டுக் கரை கொண்டுசெல்பவருக்கும் இதே விதிதான்.

வண்டி கட்டிப் புறப்படுமுன் ஏர்க்காலைத் தூக்கிப் பாருங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நேரமும் ஒரு நிமிடமே. எங்கள் தச்சர் இப்போது அதனைச் செய்யாமல் வாகனத்திலே ஏறுவதில்லை.